முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு ஏன் போகிறோம்?

"ஜேடிதிதானே ஜெயிக்கப் போகுது? அதைப் பார்க்க எதுக்கு இவ்வளவு தூரம்?"

ஜோகூர் காற்பந்து ரசிகர்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி இது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2014 தொடங்கி 2024-25 பருவம் வரை மலேசிய சூப்பர் லீக் கிண்ணத்தைத் தொடர்ந்து 11 முறை வென்ற அணி ஜோகூர் டாருல் தாக்சிம். 2023 பருவத்தில் மட்டும் 26 ஆட்டங்கள். 25 வெற்றி, 1 சமநிலை. தோல்வி கிடையாது. அடித்த கோல்கள் சரியாக 100.

இப்படி ஓர் அணியின் ஆட்டத்துக்கு, அதுவும் ரெங்கம் மாதிரியான ஒரு சின்ன ஊரிலிருந்து, வேலை நாள் சாயங்காலத்தில் குடும்பத்தோடு கிளம்பிப் போவது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் தெரியும். அந்தக் கிறுக்கு எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. நடுவில் அண்ணனும் நானும்.

போகும் பாடு

ரெங்கத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: குளுவாங் மாவட்டத்தில், ஒரு ரயில் நிலையத்தையும் இரண்டு வரிசைக் கடைகளையும் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்களையும் கொண்ட ஊர். சிம்பாங் ரெங்கம் வேறு, ரெங்கம் வேறு. நெடுஞ்சாலையில் பெயர்ப்பலகை வைத்திருப்பது அந்த ஊர். எங்கள் ஊருக்கு அதிலிருந்து இறங்கி உள்ளே வரவேண்டும். வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது.

ஆட்டம் நடக்கும் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் இஸ்கண்டார் புத்ரியில் இருக்கிறது. போகவர 150 கிலோமீட்டருக்கு மேல். ரயில் பாதை ஊர் நடுவே ஓடினாலும் நமக்குப் பயனில்லை. இரவு 8.15 அல்லது 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது பதினொன்று ஆகிவிடும். அதற்குமேல் ரயிலை நம்பி யார் நிற்பது? ஆகவே கார்தான். பெட்ரோல், டோல், டிக்கெட், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஒரு வாரத்து மளிகைச் செலவு.

நேரக் கணக்கு அதைவிட மோசம். பள்ளி விட்டு வந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, ஐந்து மணிக்குள் காரில் ஏற்றியாக வேண்டும். அண்ணன் வேலையிலிருந்து நேராக வருவார். அம்மா எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு, "மழை வரும் போல இருக்கே" என்று வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். அவர் சொன்னால் பெரும்பாலும் வந்துவிடும். கூலாய் தாண்டும்போது கண்ணாடியில் தூறல் விழும். இடி மின்னல் என்றால் ஆட்டம் தாமதமாகும். தாமதமானால் வீடு திரும்ப ஒரு மணி, இரண்டு மணி.

ஒரு முறை ஆட்ட நாளே மாறிப்போனது. விடுப்பு எடுத்த நாள் ஒன்று, ஆட்டம் நடந்த நாள் வேறொன்று. காற்பந்து அட்டவணையை நம்பி விடுப்பு எடுப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு பொறுமை வேண்டும்.

டிக்கெட் என்னும் முதல் பாதி

முன்பெல்லாம் அரங்கத்தின் முகப்பில் வரிசை நின்று, ஓட்டைக்குள் காசு நீட்டி, காகித டிக்கெட் வாங்குவார்கள். அப்பா இன்னும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறார். இன்று பெரும்பாலும் எல்லாம் கைப்பேசியில். இருக்கையைத் தேர்ந்தெடுத்து, காசைக் கட்டும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி முடித்ததும் 'நேரம் கடந்துவிட்டது' என்று வரும். திரும்ப உள்ளே போனால் நான்கு இருக்கைகள் சேர்ந்து கிடைக்காது. இரண்டு இங்கே, இரண்டு அங்கே. பெரிய ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுப்பதே ஒரு ஆட்டம் ஆடி முடித்த மாதிரிதான்.

அப்பாவுக்குக் கவலை வேறு. "கையில சீட்டு இல்லாம எப்படிம்மா உள்ள விடுவான்?" நுழைவாயிலில் என் கைப்பேசி 'பீப்' என்று கத்தி, கதவு திறக்கும் வரை அவருக்கு நம்பிக்கை வராது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தலைமுறைக்கு இணைய டிக்கெட் ஒரு சுவர்தான். பிள்ளைகள் கூட இருந்தால் தாண்டலாம். இல்லாதவர்கள் வீட்டில் தொலைக்காட்சியோடு இருந்துவிடுகிறார்கள்.

வாழை இலையில் நாற்பதாயிரம் பேர்

இவ்வளவும் தாண்டி, படிக்கட்டு ஏறி, அந்த வாசலைக் கடக்கும் நொடி ஒன்று இருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பச்சை நிறம் கண்ணில் அடிக்கும். தொலைக்காட்சியில் பார்க்கும் பச்சை இல்லை அது. அண்ணன் மகன் முதல் தடவை அந்த வாசலில் நின்று, "அத்தை, இவ்ளோ பெருசா!" என்றான்.

2020-ல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தில் சுமார் 40,000 பேர் உட்காரலாம். வெளித்தோற்றம் வாழை இலையை மாதிரியாக வைத்து வடிவமைக்கப்பட்டது. அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ சாப்பாடு போடுவானா?" என்று கேட்டார்.

திறந்த சில வாரங்களிலேயே அரங்கம் வெறிச்சோடிப் போனதும் நடந்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, லீக் நின்றது. பிறகு ஆட்டங்கள் ரசிகர்கள் இல்லாமல் தொடங்கின. நான் வானொலிக்காரி, சத்தத்தில் பிழைப்பவள். அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தபோது பயிற்றுநர் கத்துவதும் பந்து உதைபடும் ஓசையும் மட்டும் கேட்டது. கோல் விழுந்தாலும் யாரோ மளிகைக் கடையில் மூட்டை இறக்கியதுபோல் இருந்தது. கூட்டத்தின் சத்தம் ஆட்டத்துக்கு மேலே தூவும் கொத்தமல்லி என்று அதுவரை நினைத்திருந்தவர்களுக்கு, அதுவே குழம்பில் பாதி என்று அப்போது புரிந்தது.

கோல் கம்பத்துக்குப் பின்னால் 'பாய்ஸ் ஆஃப் ஸ்ட்ரெய்ட்ஸ்' ரசிகர் படை நிற்கும். மேளத்தை முதல் நிமிடம் அடிக்க ஆரம்பித்தால் கடைசி வரை நிறுத்துவதில்லை. நாங்கள் உட்காருவது பக்கவாட்டில். அங்கே குடும்பங்கள் அதிகம். பக்கத்தில் மலாய்க் குடும்பம், முன் வரிசையில் சீன இளைஞர்கள், பின்னால் மாசாயிலிருந்து வந்த நம் ஆட்கள். நடுவரைத் திட்டுவது மட்டும் அவரவர் தாய்மொழியில் நடக்கும். கோல் விழுந்தால் மொழியே கிடையாது. பெயர் தெரியாத ஒரு மக்சிக் என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்திருக்கிறார். அப்பாவின் தோளில் ஒரு சீனப் பையன் கை போட்டு நின்றிருக்கிறான். வருடத்தில் வேறு எந்த நாளில், வேறு எந்த இடத்தில் இது நடக்கிறது?

இன்னொன்று, தொலைக்காட்சி பந்தை மட்டும்தான் காட்டும். நேரில் போனால் பந்து இல்லாத இடம் தெரியும். இடது பக்கம் பந்து இருக்கும்போது வலது ஓரத்தில் ஆரிஃப் அய்மான் கோட்டை ஒட்டி, அசையாமல் நின்று காத்திருப்பார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒரு கண்ணைப் பந்திலும் ஒரு கண்ணை அவரிடமும் வைத்துத் தவிப்பார். பந்து வருவதற்கு முன்பே அந்தச் சண்டை பாதி முடிந்திருக்கும். கோல் காவலர் கையை வீசி வீசி நான்கு பேரை நகர்த்திக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் பார்க்கப் பழகிய பிறகு ஐந்து கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் தொண்ணூறு நிமிடம் போதவில்லை.

ஆறு கோல் சலிப்பு

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இடைவேளைக்குள் நான்கு கோல் விழுந்துவிட்ட ஆட்டங்களில் எங்களுக்கே கொட்டாவி வரும். எழுபதாவது நிமிடத்தில் கூட்டம் கலைய ஆரம்பிக்கும். போக்குவரத்தில் மாட்டாமல் தப்பிக்க வேண்டுமே. எதிரணிப் பையன்களின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவர்களுக்குச் சம்பளம் வந்ததோ என்னவோ என்று அண்ணன் முணுமுணுப்பார்.

அது வெறும் கிண்டல் இல்லை. மலேசியக் காற்பந்தில் சம்பள பாக்கி பல ஆண்டுகளாகத் தீராத நோய். 2024-25 பருவம் முடிந்ததும் பேராக், ஸ்ரீ பகாங் அணிகள் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. இதில் ஸ்ரீ பகாங் அந்தப் பருவத்தின் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேடிதியை எதிர்த்து ஆடி 2-1 என்று மட்டுமே தோற்ற அணி. கெடா 2007, 2008 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மூன்று கிண்ணங்களையும் அள்ளிய அணி. அந்த ஊர்களிலும் நம்மைப் போல் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. அடுத்த பருவத்தில் அவர்களுக்குப் போவதற்கு சூப்பர் லீக் ஆட்டம் இல்லாமல் போனது.

ஜேடிதி ஜெயிப்பது அதன் குற்றம் அல்ல. 2013-ல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் ஜோகூர் காற்பந்தை மாற்றி அமைத்தபோது, நல்ல திடல், பயிற்சி மையம், இளையோர் அணிகள், இரண்டாம் அணி என்று அடுக்கடுக்காகக் கட்டினார்கள். மறு ஆண்டே லீக் கிண்ணம். 2015 அக்டோபர் 31-ஆம் தேதி தஜிகிஸ்தானின் டுஷன்பே நகரில் இஸ்திக்லோல் அணியை 1-0 என வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைத் தூக்கியது. தென்கிழக்காசியாவில் அதற்குமுன் எந்தக் கிளப்பும் அதை வென்றதில்லை. ஒரு வீடு மட்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டு, பக்கத்து வீடுகள் இடிந்துகொண்டிருந்தால் அந்தத் தெருவில் இருப்பவனுக்குச் சந்தோஷமும் வருத்தமும் ஒன்றாகத்தான் வரும். நல்ல எதிரி இல்லாத அணியின் ரசிகனுக்கு அதுதான் நிலை.

முடிவு தெரியாத இரவுகள்

எல்லா முடிவும் முன்பே தெரியும் என்பதும் பொய். 2014 மலேசியக் கிண்ண இறுதியில் பகாங் பெனால்டியில் ஜேடிதியைச் சாய்த்தது. 2021 நவம்பர் 30-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் கோலாலம்பூர் சிட்டி 2-0 என்று வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. நமக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் இன்றும் விரிவாகப் பேசப்படுவது அந்தத் தோல்விதான். ஆறு கோல் அடித்த ஆட்டங்களை யாரும் நினைவில் வைப்பதில்லை.

எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படும் இரவு 2022 ஏப்ரல் 30. ஆசிய வெற்றியாளர் லீக்கின் குழு ஆட்டங்கள் ஜோகூர் பாருவில் நடந்தன. நோன்பு மாதம், ஆட்டம் இரவு பத்து மணிக்கு. குழுவில் ஜப்பானின் கவாசாகி, சீனாவின் குவாங்சோ, 2020-ல் ஆசியாவையே வென்ற கொரியாவின் உல்சான். அதே தொடரில் கவாசாகியிடம் 5-0 என்று அடிவாங்கியிருந்தோம். கடைசி ஆட்டம் உல்சானோடு. 1-1 என்று இருந்தபடியே தொண்ணூறு நிமிடம் ஓடிவிட்டது. மணி நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் உல்சான் ஆட்டக்காரர் ஒருவர் மீது பட்ட பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. 2-1.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. குழுவில் முதலிடம், நாக் அவுட் சுற்றுக்குப் போன முதல் மலேசிய அணி. அடுத்த சுற்றில் ஜப்பானில் உராவாவிடம் 5-0 என்று தோற்றுத் திரும்பினோம் என்பது வேறு கதை. மறுநாள் காலையில் என் குரல் சுத்தமாகப் போய்விட்டது. வானொலி அறிவிப்பாளருக்குக் குரல் போவது லாரி ஓட்டுநருக்கு லைசன்ஸ் போவது மாதிரி. இரண்டு நாள் இஞ்சித் தண்ணீரும் தேனும்.

அப்பாவின் லார்க்கின்

அப்பாவுக்குப் புதிய அரங்கம் பிடிக்கும். ஆனால் மனசு லார்க்கினில்தான். ஜோகூர் 1985-ல் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோதும், 1991-ல் லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றபோதும் தோட்டத்தில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்களாம். "கமெண்டரி சொல்றவன் மூச்சு வாங்கினா நாங்களும் மூச்சு வாங்குவோம்" என்பார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

லார்க்கினுக்கு இன்னொரு பெருமை உண்டு. நம்மைவிட ஜப்பானியர்கள் அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். 1997 நவம்பர் 16-ஆம் தேதி, உலகக் கிண்ணத்துக்குப் போகும் கடைசி ஆசிய இடத்துக்காக ஜப்பானும் ஈரானும் மோதியது அங்கேதான். கூடுதல் நேரம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது ஒகானோ அடித்த தங்க கோலில் ஜப்பான் 3-2 என வென்றது. முதல் முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஜப்பானியர்கள் அதை 'ஜோகூர் பாருவின் ஆனந்தம்' என்றே சொல்கிறார்கள். அதற்குப் பின் அவர்கள் ஓர் உலகக் கிண்ணத்தையும் தவறவிட்டதில்லை. நாம் இன்னும் ஒன்றுக்கும் போனதில்லை.

பட்டியலில் நம் பெயர்

ஆட்டம் தொடங்குமுன் பெரிய திரையில் இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியல் வரும். அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். வாசித்து முடித்து என் பக்கம் திரும்பி, "நம்ம பிள்ளை யாரும் இல்லையாம்மா?" என்பார். பெரும்பாலும் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தப் பயணங்களிலேயே எனக்குக் கனமானது. 150 கிலோமீட்டரும் டோலும் மழையும் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

அவர் வளர்ந்த காலத்தில் அப்படிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என்று வென்ற மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980-ல் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர். அரசு புறக்கணித்ததால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அழாத தோட்டம் இல்லை என்று அப்பா சொல்வார். பயிற்றுநராக கே. ராஜகோபால் 2009-ல் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010-ல் இந்தோனேசியாவை இறுதியில் வீழ்த்தி சுசுகி கிண்ணத்தையும் கொண்டுவந்தார். அந்த 2010 அணியில் ஓரத்தில் காற்றாய் ஓடிய எஸ். குணாளன் பிறகு ஜேடிதியில் பல பருவங்கள் ஆடினார். அவர் ஆடிய காலத்தில் அப்பா பட்டியலை வாசிக்க இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. அவர் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடுவார்.

என்ன ஆயிற்று? ஒரு காரணம் எங்கள் ஊரைச் சுற்றி வந்தாலே தெரியும். அன்று தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, நடுவில் திடல். பால்மரம் வெட்டி முடித்து வந்த ஆண்கள் மாலையில் அங்கே இருப்பார்கள். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் கற்றார்கள். தோட்டங்களுக்கு இடையே போட்டி நடக்கும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணங்களுக்கு நகர்ந்தார்கள். அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, திடல் இல்லை. இன்று ஆடவேண்டும் என்றால் ஃபுட்சால் தளத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். பயிற்சிக் கழகத்துக்கு மாதக் கட்டணம், பூட்ஸ், வாரம் மூன்று நாள் ஏற்றி இறக்கும் பெற்றோர் வேண்டும். டியூஷனுக்குப் போகும் அதே நேரத்தில்தான் பயிற்சியும் இருக்கும். நம் வீடுகளில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணி படிப்படியாக ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-ல் சூப்பர் லீக்குக்கே வந்தது. கே. தேவன், பின்னர் பி. மணியம் பயிற்றுநர்களாக இருந்தார்கள். ஜேடிதியை எதிர்த்து அந்த அணி ஆடிய நாள்களில் எங்கள் வீட்டில் அப்பா ஒரு கட்சி, அண்ணன் ஒரு கட்சி. 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கிலிருந்து விலகிவிட்டது. பட்டியலில் பெயர் தேடும் வேலை அப்பாவுக்கு மறுபடியும் கூடிப்போனது.

இதை யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை. கால் திறமைக்கு இனம் கிடையாது. ஜேடிதி சட்டையில் யார் ஆடினாலும் எங்கள் ஆட்டக்காரர்தான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று ஒரு வேலையைக் கனவு காண வேண்டுமென்றால், அந்த வேலை நடக்கும் இடத்தை அது ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா? மருத்துவமனையை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்; டாக்டர் ஆகவேண்டும் என்கிறார்கள். அரங்கத்தைப் பார்க்காத பிள்ளை எப்படி அங்கே ஆடவேண்டும் என்று நினைக்கும்?

போக நினைப்பவர்களுக்கு

முதல் தடவை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. பெரிய ஆட்டத்துக்குப் போகாதீர்கள். நடுத்தர ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பயம் இருக்காது. மேளம் அடிக்கும் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பக்கவாட்டு இருக்கைகளே நல்லது. ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஆட்டக்காரர்கள் உடல் சூடேற்றும் பயிற்சியைப் பிள்ளைகள் ஆட்டத்தைவிட அதிகமாக ரசிப்பார்கள். வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக அரங்கங்களுக்குள் விடமாட்டார்கள். காரிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மழைச்சட்டையும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். காரை எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் எல்லா மைவியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முடிந்ததும் அடித்துப் பிடித்து ஓடாதீர்கள். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் வெளியேறும்போது யாரும் யாரையும் முந்த முடியாது. நாங்கள் இருபது நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுவோம். திடலில் தண்ணீர்க் குழாய் சுற்ற ஆரம்பிக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். பிறகு வழியில் ஒரு மாமாக் கடை. ரொட்டி சானாய், தே தாரிக். பக்கத்து மேசையிலும் அதே நீலச் சிவப்புச் சட்டைகள். நடுவர் கொடுக்காத பெனால்டியைப் பற்றி முன்பின் தெரியாதவர்களோடு அரை மணி நேரம் பேச்சு. தோற்ற நாளில் அந்தப் பேச்சு இன்னும் நீளும்.

எதற்காகப் போகிறோம்

கோல் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் கைப்பேசி போதும். யார் ஜெயித்தார்கள் என்பதைக் காலையில் நானே வானொலியில் பத்து வினாடியில் சொல்லிவிடுவேன். கூட வந்தவர்களுக்கு அந்த இரவில் என்ன கிடைத்தது என்பது அந்தப் பத்து வினாடிக்குள் வராது.

எழுபது வயது அப்பா யாருடைய உதவியும் இல்லாமல் அத்தனை படிக்கட்டையும் ஏறுகிறார். மருத்துவமனையில் இரண்டு படி ஏற மூச்சு வாங்கும் அதே அப்பா. வேலைக் கவலையில் வீட்டில் வாய் திறக்காத அண்ணன் தொண்ணூறு நிமிடம் தன் மகனுக்கு 'ஆஃப்சைட்' விளக்கிக்கொண்டிருக்கிறார். நானோ, மைக் இல்லாமல் கத்துகிறேன்.

பிள்ளைக்குக் கிடைத்தது என்னவென்று சில வாரங்களுக்கு முன்புதான் தெரிந்தது. பள்ளியில் காற்பந்து அணிக்குப் பெயர் கேட்டார்களாம். வீட்டில் யாரிடமும் கேட்காமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என்ன இடத்தில் ஆடப்போகிறாய் என்று கேட்டதற்கு, "கோல் கீப்பர்" என்றான். ஏன் என்றால், "தாத்தா சொன்ன ஆறுமுகம் மாதிரி."

மறுநாளே அப்பா பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். செவ்வாய், வியாழன் பயிற்சிக்கு அவனைக் கூட்டிப்போவது இனி அவர் பொறுப்பாம்.